விலங்கு அவிழும் மனம்

நுழையும்முன்

சினத்தில் சொல்லிய சொல்லையும் செய்த செயலையும் பின்னர் எண்ணி வருந்துவது உலகியல்பு. ‘அந்த ஒரு நொடி பொறுத்திருந்தால்’ என்னும் ஏக்கம் வீடுகளிலும் கேட்கிறது, சிறைச்சாலைகளிலும் கேட்கிறது. அந்த ஒரு நொடியைத் தன்வயப்படுத்தும் ஆற்றலை மனிதர் பயிற்சியால் பெற இயலுமா? பெற்ற ஆற்றல் பிறர்மீது அருளாக மலருமா? இந்திய மண்ணில் தோன்றி, மியான்மரில் பேணப்பட்டு, மீண்டும் இந்தியாவுக்கு வந்து சிறைக்கதவுகளுக்குள் நுழைந்த ஒரு தியானப் பயிற்சியின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தேட உதவுகிறது.

கால்விலங்கும் மனவிலங்கும்

1975ஆம் ஆண்டு. இராஜஸ்தான் மாநிலத் தலைநகராகிய ஜெய்ப்பூரின் மத்தியச் சிறையில் பத்து நாள் தியானப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. இந்தியச் சிறையொன்றில் நடைபெற்ற முதல் விபாசனாப் பயிற்சி அதுவே. பயிற்சியாளர் சத்ய நாராயண் கோயங்கா. கொடுங்குற்றம் புரிந்தவர் எனக் கருதப்பட்ட கைதிகள் சிலர் கால்விலங்குகளுடன் அவர்முன் அழைத்து வரப்பட்டனர். விலங்கு பூண்ட ஒருவருக்கு மனவிடுதலையைக் கற்பிக்க இயலாது என்று கோயங்கா மறுத்துவிட்டார். பாதுகாப்பைக் கருதி அதிகாரிகள் தயங்கினர். நீண்ட உரையாடலுக்குப் பின்னரே விலங்குகள் அகற்றப்பட்டன. அச்சப்பட்டவாறு எத்தீங்கும் நிகழவில்லை. பத்து நாளும் அமைதியாகவே கழிந்தன.

ஒரு மனிதரை நம்பிக் கால்விலங்கை அகற்றுவது எளிதன்று. அவர் மனத்தில் சினம், பகை, அச்சம் ஆகியவை பூட்டியிருக்கும் விலங்கை அகற்றுவது அதனினும் அரிது. முன்னதை அதிகாரிகள் திறக்கலாம். பின்னதை அவரவரே திறந்தாக வேண்டும். அதற்கான திறவுகோலைத் தருவதே தியானப் பயிற்சியின் நோக்கம்.

தலைவலியில் தொடங்கிய தேடல்

கோயங்கா துறவியல்லர், இல்லறத்தார், வணிகர். 1924ஆம் ஆண்டு மியான்மரின் மாண்டலே நகரில், அங்குக் குடியேறிய இந்திய வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே தொழிலில் பெருவெற்றி கண்டார். செல்வம் பெருகியபோது மனஇறுக்கமும் பெருகியது. கடுமையான ஒற்றைத் தலைவலி அவரை வாட்டியது. பல நாடுகளுக்குச் சென்று மருத்துவம் பார்த்தும் பயன் கிட்டவில்லை.

நண்பர் ஒருவரின் அறிவுரைப்படி ரங்கூனில் தியானம் கற்பித்துவந்த ஊ பா கின் என்பவரைச் சந்தித்தார். ஊ பா கின்னும் துறவியல்லர். விடுதலை பெற்ற மியான்மரின் முதல் தலைமைக் கணக்காயராகப் பணியாற்றிய அரசு அலுவலர். தலைவலியைப் போக்கிக்கொள்வது மட்டுமே நோக்கமாயின் கற்பிக்க இயலாது என்று அவர் கூறிவிட்டார். உடல்நோய் நீங்குவது பயிற்சியின் பக்கவிளைவாக அமையலாம். மனமாசு நீங்குவதே அதன் பயன் என்பது அவர் கருத்து. 1955ஆம் ஆண்டு கோயங்கா முதன்முறையாகப் பயிற்சியில் அமர்ந்தார். பதினான்கு ஆண்டுகள் ஆசிரியரிடம் பயின்றபின் 1969ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். 1976ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் இகத்புரியில் அமைந்த தியான நிலையம் அவரது பணியின் தலைமையிடமாயிற்று. 2012ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 2013ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

மறவாமை என்னும் விழிப்பு

விபாசனா என்பது உள்ளதை உள்ளவாறு காண்டல் எனப் பொருள்படும். இதன் உயிர்நாடியாக அமைவது ‘சதி’ என்னும் பாலிமொழிச் சொல். நினைவு என்பது அதன் அடிப்படைப் பொருள். இப்போது நிகழ்வதை மறவாதிருத்தல் என்னும் பொருளிலும் பௌத்த நூல்கள் இச்சொல்லை ஆள்கின்றன. புத்தர் கூறிய எண்வகை நெறியில் ஏழாவதாகிய இதனைத் தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்று வழங்குவர். கடைப்பிடி என்னும் சொல்லுக்கு உறுதி, மறவாமை என இருபொருள் உண்டு. மறவாமல் பற்றிக்கொள்ளும் விழிப்பு என்று இவ்விரண்டையும் இணைத்துப் பொருள்கொள்ளலாம்.

இவ்விழிப்பின் தேவையைத் தமிழ்ச் சான்றோரும் உணர்ந்திருந்தனர். திருக்குறளின் 54ஆம் அதிகாரத்தின் பெயர் ‘பொச்சாவாமை’. பொச்சாப்பு என்பது மகிழ்ச்சி மிகுதியால் கடமையை மறந்து சோர்தல். பொச்சாவாமை என்பது அத்தகைய மறதியின்மை. சினம் மிகும்போது மட்டுமன்று, மகிழ்ச்சி மிகும்போதும் மனிதர் தம்மை மறக்கின்றனர் என்பதை இவ்வதிகாரம் உணர்த்துகிறது. தியான ஆசிரியர்கள் இன்பத்தையும் துன்பத்தையும் ஒரே விழிப்புடன் நோக்குமாறு கற்பிப்பதும் இதுபற்றியே.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் 2250 பேரிடம் கைப்பேசி வழியாக, நாளின் வெவ்வேறு வேளைகளில், ‘இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அச்செயலில் இருக்கிறதா?’ என்று வினவினர். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு மனம் செய்யும் செயலில் இல்லாமல் வேறிடத்தில் அலைவது தெரியவந்தது. மனம் அலையும் வேளைகளில் மக்கள் மகிழ்ச்சி குன்றியிருப்பதும் புலப்பட்டது. இவ்வாய்வு 2010ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

பயிற்சி நடைபெறும் முறை

பத்து நாள் பயிற்சி விடியற்காலை நான்கு மணிக்கு ஒலிக்கும் மணியோசையுடன் தொடங்குகிறது. கொல்லாமை, கள்ளாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை, ஒழுக்கம் பிறழாமை ஆகிய ஐந்தையும் ஏற்பது முதல் நிபந்தனை. பேச்சு, எழுத்து, படிப்பு ஆகியவற்றுக்கு இடமில்லை. ஒன்பது நாளும் பயில்வோர் தமக்குள் பேசாதிருத்தல் வேண்டும். நாள்தோறும் ஏறத்தாழப் பத்து மணிநேரம் அமர்ந்து பயில வேண்டும்.

முதல் மூன்று நாளும் மூச்சை நோக்குவதே பயிற்சி. மூச்சை அடக்குவதோ நீட்டுவதோ இல்லை. உள்ளே செல்லும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் மூக்கின் நுனியில் உணர்ந்திருப்பதே போதும். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. நான்கைந்து மூச்சுக்குள் மனம் வீட்டுக்கோ வயலுக்கோ பழைய சண்டைக்கோ ஓடிவிடும். ஓடியதை அறிந்தவுடன், மனத்தைக் கடிந்துகொள்ளாமல், மூச்சுக்கு மீட்டு வரவேண்டும். ஓடுவதும் மீட்பதுமாகப் பல நூறுமுறை நிகழும். மீட்டுவரும் ஒவ்வொரு முறையும் விழிப்பு வலுப்பெறுகிறது. மனம் ஓடுவதைத் தோல்வி எனக் கருதுவது புதிதாகப் பயில்வோர் கொள்ளும் தவறான எண்ணம். ஓடியதை அறிவதே பயிற்சி.

நான்காம் நாள்முதல் தலை தொடங்கிக் கால்வரை உடலின் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாக நோக்குவர். வெப்பம், குளிர்ச்சி, நமைச்சல், வலி, துடிப்பு எனப் பலவும் தோன்றும். இனியதைப் பற்றவோ இன்னாததை வெறுக்கவோ செய்யாமல், தோன்றுவன யாவும் மறைவன என்று கண்டிருக்க வேண்டும். முழங்காலில் எழும் வலியை அசையாமல் நோக்கும் ஒருவர், சிறிது நேரத்தில் அவ்வலி மாறுவதையும் தணிவதையும் தாமே காண்கிறார். நிலையாமை என்பது நூலில் படித்த கருத்தாக இல்லாமல் உடலில் கண்ட உண்மையாக அவருக்கு ஆகிறது.

இறுதி நாளில் பயில்வது ‘மேத்தா’ என்னும் அன்புப் பயிற்சி. தமக்கும், தம்மைச் சார்ந்தோருக்கும், தம்மைத் துன்புறுத்தியவருக்கும், எல்லா உயிர்களுக்கும் நலம் விழைந்து பயிற்சி நிறைவுறுகிறது.

நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே

விழிப்பு எவ்வாறு அருளாகிறது என்பதே இப்பொருளின் மையவினா. இதற்குரிய விடையைத் தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையின் இறுதிக் காதையில் அமைந்த சார்புக் கொள்கையின் துணைகொண்டு விளங்கிக்கொள்ளலாம். அறவண அடிகள் மணிமேகலைக்கு உணர்த்தும் பன்னிரு சார்புகளுள் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று ஆகியன அடுத்தடுத்து வருகின்றன. பொறிகள் உலகைத் தொடுவது ஊறு. அதனால் இனிமையோ இன்னாமையோ தோன்றுவது நுகர்வு. இனியதை விரும்பித் தாவுவது வேட்கை. அதனை விடாது பிடித்துக்கொள்வது பற்று. இன்னாததை வெறுத்தெழும் சினத்தையும் இவ்வழியிலேயே விளக்குவர்.

வசைச்சொல் ஒன்று காதில் விழுகிறது; நெஞ்சு படபடக்கிறது; முகம் சிவக்கிறது; கை ஓங்குகிறது. கண்டோர்க்கு இவையனைத்தும் ஒரே நிகழ்ச்சியாகத் தோன்றும். உண்மையில் இவை படிப்படியாக நிகழ்பவை. படபடப்பு தோன்றுவதை ஒருவரால் தடுக்க இயலாது. ஆயின், படபடப்புத் தோன்றியதை அவர் அறிய இயலும். அறிந்த நொடியில் கை ஓங்குவதற்கு முன் ஓர் இடைவெளி பிறக்கிறது. தொடர்வதா, விடுவதா என்று தெரிவு செய்யும் உரிமை அவ்விடைவெளியில்தான் மனிதருக்குக் கிடைக்கிறது. விழிப்பு அளிக்கும் முதற்பயன் இது.

இரண்டாம் பயன் இதனினும் ஆழமானது. சினம் கொள்ளும்போது முதலில் வேவது சினம் கொண்டவரே என்பதைப் பயில்பவர் தம் உடலிலேயே காண்கிறார். தம் துன்பத்தை இவ்வாறு கூர்ந்து கண்டவர்க்குப் பிறர் சினமும் வேறாகத் தோன்றுகிறது. தம்மை ஏசுபவரும் வெந்துகொண்டிருப்பவரே என்று அவர் உணர்கிறார். அவ்வுணர்வு தோன்றிய இடத்தில் பகைக்கு மாற்றாக இரக்கம் பிறக்கிறது.

பிறர் துன்பம் கண்டு தானும் துன்புறுவது வேறு. அத்துன்பத்தைத் துடைக்க விழைவது வேறு. முன்னது பரிவு, பின்னது அருள். பரிவு மட்டுமே கொண்டவர், நாள்தோறும் துன்பத்தைக் காண நேரும்போது சோர்ந்துவிடுகிறார். மருத்துவப் பணியாளர்களும் முதியோரைப் பேணுவோரும் இச்சோர்வை நன்கு அறிவர். செருமனி நாட்டின் லைப்சிக் நகரில் டானியா சிங்கர் முதலிய ஆய்வாளர்கள் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தனர். பிறர் துன்பத்தைத் தம் துன்பமாக உணரப் பழகியவர்களிடம், துயரக் காட்சிகளைக் கண்டபோது மனவருத்தம் மிகுந்தது. அவர்களே பின்னர் அருள் தியானம் பயின்றபோது வருத்தம் தணிந்து, அன்புணர்வு வலுப்பெற்றது. விழிப்பினால் நிலைபெற்ற மனம் துன்பத்தில் மூழ்காமல் அதன் கரையில் நின்று கைகொடுக்கிறது எனலாம்.

தெரியுமா?

பௌத்தம் வளர்க்குமாறு கூறும் உயர்ந்த மனநிலைகள் நான்கு. எல்லா உயிர்க்கும் நலம் விழையும் அன்பு ‘மேத்தா’. துன்புறுவோர்க்கு இரங்கும் அருள் ‘கருணா’. பிறர் ஆக்கம் கண்டு மகிழும் உவகை ‘முதிதா’. இன்பதுன்பங்களில் சாயாத நடுவுநிலை ‘உபேக்கா’.

திகார்ச் சிறையில் ஒரு வேள்வி

தலைநகர் தில்லியின் திகார்ச் சிறை 1990களின் தொடக்கத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த இடம். கட்டப்பட்டபோது கருதிய அளவைப்போல் பன்மடங்கினர் அங்கு நெருக்குண்டு கிடந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தண்டனை பெற்றவரல்லர். விசாரணை முடிவை எதிர்நோக்கியிருந்தவர். இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண்மணியாகிய கிரண் பேடி 1993ஆம் ஆண்டு மே மாதம் அச்சிறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கைதிகள் தம் குறைகளை எழுதியிட நடமாடும் மனுப்பெட்டி ஏற்படுத்தப்பட்டது. கற்றவர் கல்லாதவர்க்குக் கற்பிக்கும் வகுப்புகள் தொடங்கப்பெற்றன. ஆயினும், உள்ளத்தில் கனன்ற சினத்துக்கும் பழியுணர்ச்சிக்கும் மருந்து என்ன என்னும் வினா எஞ்சியது. தம் சினம் விபாசனாப் பயிற்சியால் தணிந்ததை அறிந்திருந்த சிறை அலுவலர் ஒருவரே அப்பயிற்சியைப் பரிந்துரைத்தார்.

கைதிகளுக்கு முன்னர்ச் சிறை அலுவலர்கள் சிலர் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். இது கருதத்தக்கது. காவல் செய்வோர் கடுமை மாறாதிருக்க, காவலில் உள்ளோர் மட்டும் மாற வேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. 1993ஆம் ஆண்டின் இறுதியில் திகாரில் முதற்பயிற்சி நடைபெற்றது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒருங்கே அமர்ந்த பெரும்பயிற்சியைக் கோயங்கா நேரில் நடத்தினார். அதன் நிறைவில் சிறைக்குள்ளேயே நிலையான தியான மையம் ஒன்று நிறுவப்பட்டது.

ஒன்பது நாள் வாய்திறவாமல் தம்முள் நோக்கியவர்கள் எதைக் கண்டனர்? தாம் குற்றம் செய்த நொடியைச் சிலர் கண்டனர். தம்மால் துன்புற்றோரின் முகங்களைச் சிலர் கண்டனர். தமக்குத் தீங்கிழைத்தோரைப் பழிதீர்க்கவே நாள் எண்ணிக்கொண்டிருந்த சிலர், அவ்வெண்ணம் தம்மையே அரித்துவந்ததைக் கண்டனர். பயிற்சி முடிந்தபோது அழுதவர் பலர். இஸ்ரேல் நாட்டுப் பெண் இயக்குநர் இருவர் 1997ஆம் ஆண்டு உருவாக்கிய ஆவணப்படத்தில் கைதிகளும் அலுவலர்களும் இம்மாற்றங்களைத் தம் வாய்மொழியாகவே கூறுகின்றனர். திகாரில் பயின்றவரிடம் உளவியலாளர் நடத்திய ஆய்வுகள், பகைமையுணர்வும் நம்பிக்கையின்மையும் குறைந்ததைக் காட்டின. பின்னர் இப்பயிற்சி வேறு பல நாட்டுச் சிறைகளுக்கும் பரவியது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், உயர்பாதுகாப்புச் சிறையொன்றிலும் நடைபெற்றது.

மூன்று நாற்காலிகள்

தியானம் மன அமைதியைத் தருவது உண்மையாயினும், அது பிறர்க்கு உதவும் செயலாக மாறுகிறதா? அமைதியுற்றவர் தம் அமைதியைப் பேணிக்கொண்டு ஒதுங்கிவிடக்கூடாதா? இவ்வையத்தை ஆராயும் நோக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையை வகுத்தனர். 2013ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியாயிற்று.

பங்கேற்றோருள் ஒரு பகுதியினர் எட்டு வாரம் தியானம் பயின்றனர், எஞ்சியோர் பயிலவில்லை. பின்னர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆய்வகத்துக்கு அழைக்கப்பட்டனர். காத்திருப்பு அறையில் மூன்று நாற்காலிகள் மட்டுமே இருந்தன. இரண்டில் முன்னரே ஆய்வாளரின் ஆட்கள் அமர்ந்திருந்தனர். மூன்றாவதில் பங்கேற்பவர் அமர்ந்ததும், ஊன்றுகோல்களுடன் ஒரு பெண் வலியால் முனகியவாறு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். அமர்ந்திருந்த மற்றை இருவரும் அவரைக் காணாதவர்போல் இருந்தனர். சோதனை இதுவே என்பது பங்கேற்றவருக்குத் தெரியாது. தியானம் பயிலாதவருள் 16 விழுக்காட்டினர் இடம் கொடுத்தனர். தியானம் பயின்றவருள் 50 விழுக்காட்டினர் எழுந்து இடம் கொடுத்தனர்.

பயின்றவருள் சிலர்க்கு மனவிழிப்புப் பயிற்சியும், சிலர்க்கு அருள் பயிற்சியும் அளிக்கப்பட்டிருந்தன. இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அருளைப் பற்றி ஒன்றும் கற்பிக்கப்படாதவரும், விழிப்புப் பெற்றமையால், வலியுடன் நின்றவரைக் கண்டுகொண்டனர். காணாமையே பெரும்பாலும் உதவாமைக்குக் காரணம் என்பது இதனால் புலனாகிறது. நாற்பதுக்கும் குறைவானவரே பங்கேற்ற சிறிய ஆய்வு இது. ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், வழிகாட்டும் சான்றாகக் கொள்வதே அறிவியல் நெறி.

சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

சிறையை அருளால் மாற்றலாம் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 19ஆம் காதை ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்றே பெயர் பெற்றுள்ளது. காயசண்டிகையின் வடிவம் கொண்ட மணிமேகலை, புகார் நகரின் சிறைக்கோட்டத்துக்குச் செல்கிறாள். பசியால் வாடிய கைதிகளுக்கு அமுதசுரபியிலிருந்து உணவு வழங்குகிறாள். ஒரே பாத்திரம் பலர் பசியைத் தீர்க்கக் கண்டு வியந்த காவலர் சோழ மன்னனிடம் அறிவிக்கின்றனர். அவளை அழைத்துப் போற்றிய மன்னன், தான் செய்யத்தக்கது யாதென வினவுகிறான். பொன்னோ பொருளோ அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற வேண்டும் என்பதே அவள் வேண்டுகோள். மன்னனும் அவ்வாறே செய்கிறான்.

காப்பியத்தின் அமைப்பில் ஓர் ஒழுங்கு உள்ளது. மணிமேகலை முதலில் பசிப்பிணி நீக்குகிறாள். தத்துவம் கேட்பது அதன் பின்னரே. பசித்திருப்பவரிடம் தியானம் பேசுவது பயன் தராது என்பதைச் சாத்தனார் கதைப்போக்கிலேயே உணர்த்திவிடுகிறார். திகாரிலும் மனுப்பெட்டியும் கல்வியும் முன்வந்தன, தியானம் பின்வந்தது.

பயிற்சியின் எல்லை

எந்த மருந்துக்கும் அளவுண்டு. தியானம் நீதிக்கு மாற்றாகாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நீதி கிடைக்கவேண்டும். குற்றமற்றவர் விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருக்கும் நிலை மாற வேண்டும். இவற்றைச் சட்டமும் நிருவாகமும் செய்தல் வேண்டும். அநீதியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும் கருவியாகத் தியானத்தைப் பயன்படுத்துவது அதன் நோக்கத்துக்கே முரணானது. கடுமையான உளநோய் உடையவர்க்கு நீண்டநேரத் தியானம் துன்பம் விளைக்கவும் கூடும் ஆதலின், அவர்கள் மருத்துவரின் அறிவுரையின்றி அதனை மேற்கொள்ளலாகாது. வற்புறுத்தி எவரையும் அமர்த்துவதும் பயனற்றது. திகாரில் அமர்ந்தவர் தாமே விரும்பி அமர்ந்தவர் என்பது மறக்கத்தக்கதன்று.

ஒரு நொடியின் பெறுமதி

சிறைச்சாலை தொலைவில் உள்ளது. சினம் அருகிலேயே உள்ளது. தேர்வு மதிப்பெண் குறைந்த நாளிலும், நண்பரின் கேலியால் உள்ளம் புண்பட்ட வேளையிலும், கைப்பேசியில் கண்ட செய்திக்குக் கடுஞ்சொல்லால் விடையெழுத விரல் விரையும் நேரத்திலும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் அந்த ஒரு நொடி வந்துசேர்கிறது. விரல் விரைவதை அறிந்தவர் அதனை நிறுத்தவும் அறிவார். நாள்தோறும் பத்து நிமிடம் நிமிர்ந்தமர்ந்து இயல்பான மூச்சை நோக்கிப் பழகுவதற்குப் பொருட்செலவில்லை, தனியிடமும் தேவையில்லை. எச்சமயத்தவரும், எச்சமயமும் சாராதவரும் இதனைச் செய்யலாம்.

திருவள்ளுவர் துறவறவியலின் முதல் அதிகாரமாக அருளுடைமையை வைத்தார். வெகுளாமையை அதே இயலில் பின்னர் அமைத்தார். அருளும் சினமின்மையும் ஒரே நிலத்தில் விளைபவை என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். அந்நிலத்தை உழும் ஏர், மறவாமை என்னும் விழிப்பு. ஜெய்ப்பூரில் கால்விலங்கு அகற்றப்பெற்றவர்கள் அன்று மாலையே விடுதலை பெற்றுவிடவில்லை. மதிலும் கதவும் அப்படியே இருந்தன. ஆயினும் அடுத்தவர்மீது ஓங்கும் கையைத் தாமே தாழ்த்தும் உரிமை அவர்கள் வயமாயிற்று. அவ்வுரிமையைப் பெற்றவரே மெய்யாக விடுதலை பெற்றவர்.

சொல்லும் பொருளும்

கடைப்பிடி – உறுதி, மறவாமை
பொச்சாப்பு – மறதி, சோர்வு
வெகுளி – சினம்
ஊறு – தொடுவுணர்ச்சி
கோட்டம் – இடம், கட்டடம்

கற்பவை கற்றபின்

1. ஒரு நாளில் சினம் தோன்றிய வேளைகளையும், அப்போது உடலில் உணர்ந்த மாற்றங்களையும், அதன்பின் செய்த செயலையும் குறித்து ஒரு பக்க நாட்குறிப்பு எழுதுக.
2. ‘சிறைச்சாலை தண்டிக்கும் இடமா? திருத்தும் இடமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. மணிமேகலையில் பசிப்பிணி நீக்கும் நிகழ்ச்சிகளைத் தொகுத்து வகுப்பில் உரையாற்றுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘பொச்சாவாமை’ என்பதன் பொருள்
அ) சினமின்மை ஆ) மறவாமை இ) பொய்யாமை ஈ) கள்ளாமை

2. கூற்று: பரிவு மட்டுமே கொண்டவர் சோர்வுறுகிறார்.
காரணம்: பிறர் துன்பத்தில் அவரும் மூழ்கிவிடுகிறார்.
அ) கூற்று சரி, காரணம் தவறு ஆ) கூற்று தவறு, காரணம் சரி இ) இரண்டும் சரி ஈ) இரண்டும் தவறு

3. சரியான வரிசையைத் தேர்க.
அ) வேட்கை, ஊறு, பற்று, நுகர்வு ஆ) நுகர்வு, ஊறு, வேட்கை, பற்று இ) ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று ஈ) பற்று, வேட்கை, ஊறு, நுகர்வு

குறுவினா

1. ‘விபாசனா’ என்னும் சொல்லின் பொருள் யாது?
2. கோயங்காவுக்குக் கற்பிக்க ஊ பா கின் முதலில் மறுத்தமைக்குக் காரணம் யாது?
3. பயிற்சியில் மனம் ஓடுவது தோல்வியன்று என்பது ஏன்?

சிறுவினா

1. பரிவுக்கும் அருளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
2. மூன்று நாற்காலிகள் சோதனை உணர்த்தும் உண்மையையும் அதன் வரம்பையும் எழுதுக.
3. கைதிகளுக்கு முன்னர்ச் சிறை அலுவலர்கள் பயிற்சி பெற்றது ஏன் கருதத்தக்கது?

நெடுவினா

1. விழிப்பு அருளாக மலரும் முறையை மணிமேகலை கூறும் சார்புகளின் துணைகொண்டு கட்டுரைக்க.
2. ‘தியானம் நீதிக்கு மாற்றாகாது’ – திகார்ச் சிறை நிகழ்வுகளையும் சிறைக்கோட்டம் அறக்கோட்டமான நிகழ்ச்சியையும் ஒப்பிட்டு இக்கருத்தை ஆராய்க.